கருப்பட்டியில் ஒட்டிய கட்டைகள்

எங்க ஊர்க் கோயில் பியானோவுல இருந்த சுரத்தையெல்லாம் எறும்பு தூக்கிட்டுப் போன வருசந்தான் கனிக்காவுக்குக் கல்யாணம் நடந்துது. இதை முதல்லயே சொல்லிப்புடுதேன், இல்லேன்னா நடுவுல ‘எறும்பா, சுரமா, அது எப்பிடி’ன்னு கேப்பீங்க, கதை சொல்லும்போது குறுக்க கேள்வி கேட்டா எனக்குப் பொசுக்குனு கோவம் வந்துரும். எப்பிடின்னு எனக்கும் தெரியாது. தூக்கிட்டுப் போச்சு, அம்புட்டுதான்.

தேரிக்காட்டு ஓரத்துல இருக்கு எங்க ஊரு. செம்மண்ணும் பனையும் கருப்பட்டியும் வேதக்கோயிலும் போக, சொல்லிக்கிட ஒண்ணும் கிடையாது. கோயில் குருவானவரை நாங்க ஐயர்னுதான் கூப்பிடுவோம், அவரு வீட்டம்மா ஐயரம்மா. அந்தக் காலத்துல கோயிலைக் கட்டின துரை விட்டுட்டுப் போன பியானோ ஒண்ணு பீடத்துக்குத் தெக்க நிக்கும், அதை வாசிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு கனிக்கா. முழுப்பேரு ஜெபக்கனி. வாரம் முழுக்கத் தையல் மிஷினை மிதிப்பா, ஞாயித்துக்கிழமை பியானோவை மிதிப்பா, வயசு நாப்பத்தாறு. முப்பது வருசமா எங்க கோயில்ல கல்யாணம் ஆன பொம்பளை எவளா இருந்தாலும், என்னையும் சேத்துத்தான், அவ வாசிக்க வாசிக்கத்தான் உள்ள நடந்து வந்திருக்கோம். அந்த மெட்டும் அவ கட்டினது. அதுல ஒரு வழமை உண்டு: கடைசிச் சுரம் மெட்டு முழுக்க எங்கயும் வராது, முடிவுல மட்டுந்தான் வரும், அதையும் கனிக்கா லேசுல விட மாட்டா. பொண்ணு பீடத்துக்கு ஒரு எட்டு முன்னால வந்து நிக்கணும், அப்பத்தான் அந்த ஒத்தைச் சுரத்தை விடுவா, அதுலதான் பொண்ணு கடைசி எட்டை வைக்கணும். அந்த எட்டோட பிறந்த வீடு முடிஞ்சு புருசன் வீடு தொடங்கிட்டுன்னு அர்த்தம். சுரம் வராம எட்டு வச்சவ எங்க ஊர்ல ஒருத்தியும் கிடையாது.

அப்பிடி ஊரையே நடத்தி விட்டவளுக்கு, ‘இவ இனி எங்க’ன்னு எல்லாரும் கேக்கதை விட்ட பிறகு, கல்யாணம் கூடி வந்துது. மாப்பிள்ளை சுகிர்தராஜ், பக்கத்து ஊரு மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டர், பொஞ்சாதி தவறிப் போனவரு, பிள்ளையும் கிடையாது. சட்டை தைக்கக் குடுத்த மனுசன், அளவு சரியா இருந்தும் ‘லேசாப் பிடிக்கி’, ‘லேசா லொடலொடங்கி’ன்னு மாத்தி மாத்திச் சொல்லி வந்துக்கிட்டே இருந்தாரு. கடைசியில கனிக்கா, “சட்டையில ஒண்ணும் இல்ல, உமக்குத்தான் என்னமோ, வாயைத் திறந்து சொல்லும்”ன்னா. சொல்லிட்டாரு.

ஊருக்கே சந்தோசம், ஒருத்தனைத் தவிர. அது கனிக்கா தம்பி கிங்ஸ்டன், கருப்பட்டி மொத்த யாவாரி. தாய் தகப்பன் போன பிறகு அவனைத் தூக்கி வளத்தது கனிக்கா, ஷீபாவைப் பாத்துக் கட்டி வச்சதும் கனிக்கா, இப்பவும் அவங்க கூடத்தான் இருக்கா. “அக்காளுக்குச் சோறு போட வக்கில்லாம இந்த வயசுல தள்ளி விட்டுட்டான்னு ஊரு சொல்லும்லா?”ன்னு குதியா குதிச்சான். ஊரு அப்பிடி ஒண்ணும் சொல்லல. அவன் சொன்ன பிறகுதான் அப்பிடியும் சொல்லலாமோன்னு எங்களுக்குத் தோணுச்சு. “கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர நான் வர மாட்டேன்”னு முடிச்சுட்டான்.

“வராட்டாப் போலே” அப்பிடின்னுட்டா கனிக்கா. “எனக்கு மெட்டு வேணும். ஊர்ப் பொண்ணு அத்தனையையும் நடத்தியிருக்கேன், ஒரு நாளு நானும் அந்த மெட்டுல நடக்கணும். வேற ஒண்ணும் யார்ட்டயும் கேக்கல.” சொல்லும்போது கண்ணு கலங்கிட்டு, எனக்கு ஆத்தாமையாப் போச்சு.

அவ கல்யாணத்துக்கு அவளே வாசிக்க முடியுமா? நாசரேத்துல இருந்து ஒருத்தரைக் கூட்டியாந்தோம். அந்தப் பியானோக் கட்டை மேல இருந்த வில்லையெல்லாம் பழைய யானைத் தந்தம், பாதி கழண்டு விழுந்தாச்சு, மிச்சம் ஓரம் உடைஞ்சு முள்ளாட்டம் நிக்கும். எது எங்க குத்தும்னு கனிக்கா விரலுக்குத் தெரியும், வந்தவருக்குத் தெரியுமா? ஒரு பாட்டு வாசிச்சுட்டு விரலைச் சூப்பிக்கிட்டே, “மேல் வில்லையை மாத்துங்கம்மா, கட்டாயம் வாரேன்”னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

மெட்ராசுல இருந்து பிளாஸ்டிக் வில்லை சாம்பிள் வந்துது. கோயில் கமிட்டி முழுக்கக் கூடி, துணிக்கடையில சேலை எடுக்க மாதிரி ஒவ்வொண்ணாத் தூக்கி வெளிச்சத்துல பாத்தோம். ஐயருக்குப் பால் வெள்ளைதான் பிடிச்சுது, பரிசுத்தமா இருக்காம். “அது செட்டுப் பல்லு வெள்ளைல்லா ஐயரே”ன்னா கனிக்கா. ஐயருக்குச் செட்டுப் பல்லு. கனிக்கா கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொரு வில்லை மேலயும் விரலை ஓட்டி ஓட்டிப் பாத்தா: இது வழுக்குது, வேர்வை பட்டா விரலு நிக்காது, இது தடிப்பு, வச்சா வெள்ளைக் கட்டை உசந்து பக்கத்துல கறுப்புக் கட்டை குள்ளமாயிரும், இது பளபளப்பு, பாட்டைப் பாக்காம மூஞ்சியைப் பாக்கச் சொல்லும். கடைசியில சீம்பால் நிறத்துல ஒண்ணை எடுத்து, கன்னத்துல வச்சுப் பாத்துட்டு, இதுதான்னுட்டா. ஐம்பத்திரண்டு வெள்ளைக் கட்டைக்கும் அதையே வரவழைச்சோம்.

கட்டையை எல்லாம் உருவிக் கோயில் பெஞ்சுல வரிசையா அடுக்கினோம். ஒவ்வொரு வில்லை மேலயும் ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டிச் சூட்டை வச்சு, பழைய பசை இளகுனதும் மெல்லிசுக் கத்தியை விட்டு நெம்பினா, சொன்னபடி கழண்டு வரும். பிறகு உப்புத்தாள் போட்டுக் கட்டையை வழுவழுன்னு தேச்சாச்சு. எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துது, பசை டியூபைத் திறக்குமட்டும். வார வழியில வெயிலுக்குக் காஞ்சு கல்லாயிட்டு.

ஆசாரி, வச்சிரப் பசை காய்ச்சித் தாரேன்னாரு. மாட்டுத்தோலும் எலும்பும் கொதிக்க வச்சது பீடத்துப் பக்கத்துல நாறும்னு ஐயரம்மா மூக்கைப் பொத்திட்டா. அப்பந்தான் கோயிலைக் கூட்டி மணியடிக்கிற வேதமுத்து அண்ணாச்சி வாரியக்காலைக் கீழ போட்டுட்டுக் கேட்டாரு: “இந்தக் கோயிலு எதுல நிக்கி? சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் கருப்பட்டிப் பாகும்தான? அம்மாம்பெரிய கோபுரமே நிக்கி, இந்தத் துக்குளியூண்டு வில்லை நிக்காதா?”

அவ்வளவுதான். எங்க ஊர்க்காரங்ககிட்டக் கருப்பட்டின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும், புத்தி கழண்டுக்கிடும். தலைவலின்னாக் கருப்பட்டி, பிள்ளை பெத்தாக் கருப்பட்டி, சண்டை தீந்தாக் கருப்பட்டி, அப்ப பியானோவுக்கு மட்டும் என்ன கேடுன்னு ஒரு வாய் கூட மாத்திப் பேசல, கனிக்காவே ‘ஆமாட்டி, அதான் சரி’ன்னுட்டா. ஷீபா புருசனுக்குத் தெரியாம மண்டியில இருந்து ரெண்டு வட்டுக் கருப்பட்டி எடுத்தாந்து குடுத்தா. கம்பிப் பதத்துக்குப் பாகு காய்ச்சி, சுண்ணாம்பும் முட்டையும் குழைச்சு, கட்டையில தடவி, வில்லையை ஓரத்துக்கு ஓரம் நேர் பாத்து வச்சு, அழுத்திப் பிடிக்க ஊர்க்கொடியில இருந்த துணிக் கிளிப்பை எல்லாம் பிடுங்கியாந்து மாட்டினோம். ரெண்டு நாளு ஊர் ஆம்பிளைங்க வேட்டியெல்லாம் காத்துல பறந்து முள்ளுக்காட்டுல கிடந்துது. காஞ்ச பிறகு பிதுங்கினதை அரத்தால ராவி, கட்டையைத் திருப்பி மாட்டிக் கனிக்கா வாசிச்சா. தேனு போங்க. அப்பிடி ஒரு ஒட்டு, அப்பிடி ஒரு சத்தம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை முதல் பாட்டுக்குக் கையை வச்சா, டொக்குங்குது. அடுத்த கட்டை, டொக்கு. வில்லை இருக்கு, ஒட்டு அப்பிடியே இருக்கு, சுரம் மட்டும் இல்ல. குனிஞ்சு பாத்தா பியானோக் கால் வழியா எறும்பு வரிசை இறங்கி, பாட்டுக்காரங்க காலடியில வளைஞ்சு, கிழக்கு வாசல் வழியா வெளிய போய்க்கிட்டே இருக்கு, போய்க்கிட்டே இருக்கு, முதல் எறும்பு மூணாந் தெருவுல நுழையும்போது கடைசி எறும்பு இன்னும் பியானோவை விட்டு இறங்கல. ஒவ்வொண்ணு வாயிலயும் பாகுத் துணுக்கு, காதைக் கிட்டக் கொண்டு போனா அது ரீங்காரம் போடுது. “பிள்ளையார் எறும்புல்லா இது, வேதத்துல சேந்துட்டுபோல”ன்னாரு வேதமுத்து அண்ணாச்சி. எறும்பைப் பத்தி வேதத்துல நல்லபடியாத்தான் சொல்லியிருக்கு, ஒருத்தரும் மிதிக்காதீங்கன்னு ஐயர் சொல்லிட்டு ஜெபத்தைத் தொடங்கிட்டாரு.

கறுப்புக் கட்டையில நாங்க கருப்பட்டி தடவலல்லா, அது பாட்டுக்குப் பேசிக்கிட்டுதான் இருந்துது. கனிக்கா அசரல. அந்த அஞ்சு சுரத்துக்குள்ள அடங்குற கீர்த்தனையாப் பொறுக்கி எடுத்து அதுலயே ஆராதனையை ஓட்டிட்டா, அது முன்னைக்கு இப்ப நல்லா இருக்குன்னு சொன்னவங்களும் உண்டு.

போன சுரமெல்லாம் எங்க போச்சுன்னா, வேற எங்க போவும்? கருப்பட்டி கருப்பட்டியத் தேடித்தான் போவும். ஒவ்வொரு வீட்டு அடுப்பங்கரையிலயும் கருப்பட்டிப் பானை உண்டு, பானைக்கு ஒண்ணா எறும்பு கொண்டு போய்ச் சேத்துட்டு. காப்பி போட என் வீட்டுப் பானையைத் திறந்தேன், கணீர்னு ஒரு சுரம். மூடினா நிக்கி, திறந்தா வருது, எத்தனை தடவ திறந்தாலும் தீரல. என் வீட்டுக்காரரு பாயில கிடந்தபடியே “என்னட்டி, மணியடிச்சுட்டா?”ன்னாரு. பக்கத்து வீட்டுப் பாக்கியத்துக்குக் கீழ்க்கட்டைச் சுரம், திறந்தா அலமாரியில டம்ளரெல்லாம் ஆடும், ஆனா பசுமாடு அசையாம நின்னு பாலு குடுக்கும். வேதமுத்து அண்ணாச்சிக்கு உச்சிக்கட்டை, திறந்தாத் தெருநாய் அத்தனையும் எந்திரிச்சு நிக்கும். கோயிலுக்கு வராத இசக்கிமுத்து வீட்டையும் எறும்பு விடல. அவரு பானையைக் கழுவித் துடைச்சுச் சாமி படத்துக்குக் கீழ வச்சு, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு தடவ திறந்து மூடினாரு.

முதல்ல கமிட்டி கூடி, சுரத்தைத் திருப்பி வாங்கணும்னு முடிவு பண்ணி, தெருவுல இருந்து பியானோ வரைக்கும் கருப்பட்டித் தூளைக் கோடு போட்டுப் பாத்தாங்க. எறும்பு தூளைத் தின்னுட்டு வீட்டுக்குப் போயிட்டு. பிறகு ஊரு அதுக்குத் தக்கன பழகிட்டு. பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடத் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்ல, மூடியைத் திறந்தாப் போதும், எந்தப் பிள்ளைக்கும் தன் வீட்டுச் சுரம் தெரியும். பாலு பொங்குமுன்ன மூடி திறப்பாங்க, விருந்தாளி போகலைன்னாத் திறந்தே வைப்பாங்க. ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத சுரம் வாய்ச்ச ரெண்டு வீட்டுக்காரங்க ஒரே நேரத்துல திறந்து தெருவுக்கே பல்லு கூசிச்சு, சண்டை வந்துது, பிறகு ஒருத்தர் காலையிலயும் ஒருத்தர் மத்தியானமும்னு பேசித் தீத்தாங்க. பொண்ணு கேட்டு வாரவங்க கூட ‘உங்க வீட்டுல என்ன சுரம்?’னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, நான் சொன்னா நம்ப மாட்டீங்க.

கனிக்காவுக்குத்தான் இடி விழுந்துது. விசயம் நாசரேத்துக்குப் போயிட்டு, “பெட்டியில சத்தமே இல்லன்னா நான் வந்து என்னம்மா செய்ய?”ன்னு வாசிக்க வந்தவரு போனை வச்சுட்டாரு. செல்போன்ல பாட்டைப் போட்டு ஸ்பீக்கர்ல விடலாம்னு யாரோ சொன்னாங்க. “என்ன, கடைத் திறப்பு விழாவா?”ன்னு கனிக்கா எரிஞ்சு விழுந்தா. பிறகு என்கிட்டத் தனியா, “ஏட்டி சொர்ணம், மெட்டு இல்லாமப் பொட்டிப் பாம்பாட்டம் போய் நிக்கணும்னுதான் எனக்கு எழுதியிருக்கு போல”ன்னு சொல்லி முந்தானையால மூஞ்சியைத் துடைச்சா. கனிக்கா அழுது நான் பாத்தது அதுதான் முதல் தடவ.

மறுநாளு நானும் பாக்கியமும் அடுத்தடுத்து மூடியைத் திறந்தோம், வேணும்னு இல்ல, காப்பி நேரம். ரெண்டு சுரமும் சேந்து அந்த மெட்டுல வார ஒரு வளைவு மாதிரியே கேட்டுது. சுவத்துக்கு மேல எட்டி ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாத்தோம். சாயங்காலத்துக்குள்ள வீடு வீடாப் போய்ச் சொல்லியாச்சு: பானையைத் தூக்கிட்டு வாங்க, கனிக்கா மெட்டை நாம வாசிக்கப் போறோம்.

பனங்காட்டுல கூடிப் பழகினோம். மெட்டு ஊருக்கே மனப்பாடம், ஆனா தெரிஞ்ச மெட்டுக்கு நேரத்துல மூடி திறக்கது வேற வித்தை. கனிக்காவுக்குத் தெரியக்கூடாதுன்னு பாத்தா, பானைச் சத்தம் எங்க ஒளியும்? அவ கேக்காத மாதிரியே வீட்டுல உக்காந்து கல்யாணச் சேலைக்கு ஜாக்கெட் தச்சுக்கிட்டு இருந்தா. ஆனா ஒரு சுரம் பிந்துச்சோ, அங்க தையல் மிஷின் டக்குனு நின்னுரும். நாங்க திரும்ப முதல்ல இருந்து வருவோம். மிஷின் நிக்காம ஓடுச்சுன்னா சரியாத் திறந்திருக்கோம்னு அர்த்தம். இசக்கிமுத்துதான் பாவம், அவரு முறை வரும்போதெல்லாம் மிஷின் நின்னு நின்னு, ‘நான் வேணா விலகிக்கிடுதேன்’னு சொல்ல, ‘பொறுமையாத் திறங்க அண்ணாச்சி’ன்னு ஊரே அவரைத் தேத்துச்சு.

எல்லாச் சுரமும் வந்துட்டு, கடைசிச் சுரத்தைத் தவிர. கணக்குப் போட்டுப் பாத்தா அது கிங்ஸ்டன் வீட்டுப் பானைக்குத்தான் போயிருக்கணும். அவனோ, எறும்பு போன வாரத்துல இருந்தே வாயைத் திறக்கல. மண்டியில விலையை விரல்ல காட்டினான், கோயில்ல பாட்டுக்கு வாயசைக்கல, சோத்தைக்கூடக் கதவைச் சாத்திட்டுத் தனியாத் தின்னான். அக்கா மேல இம்புட்டுக் கோவமாடேன்னு ஊரு பேசிச்சு. ஷீபாவைப் பிடிச்சு உலுக்கினேன். “பானை காலியா இருக்கு யக்கா”ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்க முடியல. சரி, முடிவு இல்லாட்டா என்ன, முக்காலுக்காவது நடக்கட்டும்னு மனசைத் தேத்திக்கிட்டோம்.

கல்யாணத்தன்னைக்குக் கோயில் ரெண்டு பக்கமும் குடும்பம் குடும்பமாப் பானையோட நின்னோம். இசக்கிமுத்து குளிச்சு விபூதி பூசி, செருப்பை வாசல்ல விட்டுட்டு, பானையைப் பிள்ளையைத் தூக்கின மாதிரி இடுப்புல வச்சுக்கிட்டு நின்னாரு. சுகிர்தராஜ் பீடத்துப் பக்கத்துல, உண்மையிலயே இறுக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு சட்டையில வேர்த்துக்கிட்டு நின்னாரு. வாசல்ல கனிக்கா. கையைப் பிடிச்சுக் கூட்டி வர ஆளில்ல, ஒத்தையில நின்னா. வேதமுத்து அண்ணாச்சி தலையை ஆட்ட, முதல் மூடி திறந்துது.

கர்த்தாவே, அது மாதிரி ஒரு மெட்டை நான் கேட்டதில்ல. இந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணு, அந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணு, முன் வரிசையில இருந்து ஒண்ணு, பின்னாலத் தூண் பக்கத்துல இருந்து ஒண்ணு, ஒவ்வொரு சுரத்தோடயும் அந்த அந்த வீட்டுக் கருப்பட்டி வாசமும் அடுப்புப் புகையும் சேந்து வந்து, கனிக்கா அதுக்கு நடுவுல ஒவ்வொரு எட்டா வச்சு வந்தா, ஊர்க்காரங்க அடுப்பங்கரையெல்லாம் தாண்டித் தாண்டி வார மாதிரி இருந்துது. நடுவுல பாக்கியம் அழுதுக்கிட்டே நின்னு மூடியை மறந்துட்டா. கனிக்கா தூக்கின காலை அப்பிடியே நிறுத்திட்டு ஒரு பார்வை பாத்தா பாருங்க, பாக்கியம் பதறித் திறந்து, டம்ளர் ஆட்டுற அந்தக் கீழ்ச்சுரம் தரையிலயே கேட்டுது. ஊரே சிரிச்சுட்டு. கல்யாணப் பொண்ணும் சிரிச்சா. இசக்கிமுத்து முறை வந்துது, கணக்காத் திறந்தாரு, நான் மனசுக்குள்ள அல்லேலூயா சொல்லிக்கிட்டேன்.

பீடத்துக்கு ஒரு எட்டு முன்னால வந்து நின்னா. மெட்டும் அங்கேயே நின்னுட்டு.

ஐயர் இருமினாரு. சுகிர்தராஜ் மெதுவாக் கையை நீட்டி, “பரவாயில்ல, வா கனி”ன்னாரு. நாங்களும் வந்துரு வந்துருன்னுதான் நினைச்சோம். அவ தலையை ஆட்டிட்டா. பிடிவாதம்னு சொல்லாதீங்க, முடியல அவளுக்கு. எத்தனையோ பொண்ணுகளுக்கு அந்தச் சுரத்தைக் குடுத்தவ, தனக்கு இல்லாம எப்பிடிக் காலைத் தூக்குவா?

அப்ப வாசல்ல கிங்ஸ்டன் வந்து நின்னான். கையில பானையும் இல்ல ஒண்ணும் இல்ல. மண்டியில இருந்து அப்பிடியே ஓடி வந்திருக்கான், வேட்டியெல்லாம் கருப்பட்டிக் கறை. நேரா அக்கா பின்னால வந்தான், அவ முழங்கையைப் பிடிச்சான், வாயைத் திறந்தான். கடைசிச் சுரம் வந்துது.

“பானையில மிச்சம் கிடந்ததை எல்லாம் காப்பியில கரைச்சுட்டேன் யக்கா, தெரியாம அவரு குடிச்சிட்டாரு”ன்னு ஷீபா என் காதுல அழுதா. அத்தனை வாரமும் அதைத்தான் வாய்க்குள்ள வச்சுக்கிட்டு இருந்திருக்கான் பாவி. பானைக்குள்ள இருக்கது தீராது, மனுசனுக்குள்ள போனது ஒரு மூச்சுதான்னு அவனுக்கு எப்பிடியோ தெரிஞ்சிருக்கு. அக்கா போயிரக்கூடாதுன்னு அடக்கி வச்சானா, அவளுக்குன்னே சிந்தாம வச்சிருந்தானா, பிறகு கேட்டுப் பாத்தேன், இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

சுரம் அதேதான். ஆனா அவன் தொண்டை வழியா வந்ததுல கொஞ்சம் இறங்கி, கரகரன்னு வந்துது. எனக்குத் திக்குனு ஆயிட்டு. சின்னப் பையனா இருக்கும்போதே அவனைப் பாட்டுக் கூட்டத்துல இருந்து கனிக்காவே விலக்கி வச்சிருக்கா, சுரம் சேராதுன்னு. எங்க வீட்டுக்காரரு ஒரு நூல் இறங்கிப் பாடினதுக்கு ஆராதனைக்கு நடுவுல வாசிக்கதை நிறுத்தினவ அவ. கிங்ஸ்டன் கழுத்து நரம்பு புடைக்க, கண்ணுல தண்ணி வழிய, மூச்சு முடிய முடியப் பிடிச்சுக்கிட்டு நின்னான். கனிக்கா திரும்பி அவனைப் பாத்தா. அவன் மூச்சு முடியுமுன்ன முன்னால திரும்பி எட்டு வச்சுட்டா.

சுரம் நின்ன பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்துது. “சரியா இருந்துச்சாக்கா?”ன்னு கேட்டான். முப்பது வருசத்துல கனிக்கா வாயில இருந்து ‘சரி’ன்னு ஒருத்தரும் கேட்டதில்ல, ஐயருக்கும் கிடைச்சதில்ல, எனக்கும் கிடைச்சதில்ல.

“சரியா இருந்துச்சுலே”ன்னா கனிக்கா. ஐயர் புத்தகத்தைத் திறந்தாரு.